சேர்மதுரை நின்ற பக்கம்

"எடுக்கலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

செவ்வலூர் கபடி அணியின் கேப்டன் இசக்கிராஜ் இதைக் கேட்டபோது காலை ஒன்பது மணி. உடம்பெல்லாம் மண். நெற்றி வேர்வையைத் துடைக்கக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை.

அவன் கேட்டது லீதியாள் அக்காவிடம். அணிக்கு அவள்தான் கோச். மாநில அணிக்கு ஆடியவள், அவனைவிட ஐந்து வயது மூத்தவள். ஆம்பளைங்க டீமுக்குப் பொம்பளை கோச்சா என்று ஊரில் பலபேர் சிரித்தார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் இசக்கிராஜும் சிரித்தான். அக்கா கோபப்படாமல் அவனைக் கபடி பாடி வரச் சொன்னாள். கணுக்காலில் விழுந்த பிடியில் மண்ணைக் கவ்வினான். அன்றோடு அவன் சிரிப்பு நின்றது.

ஒரே தொல்லை, அக்கா எதையும் நேராகச் சொல்ல மாட்டாள்.

இடது கார்னரில், அதாவது களத்தின் இடது ஓரத்தில் நின்று, பாடி வருகிறவனைப் பிடிக்கிற ஆட்டக்காரன் போலீஸ் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். அந்த இடத்துக்கு ஒரு ஆள் வேண்டும். லீக்குக்குப் பெயர்ப் பட்டியல் கொடுக்க அன்று மாலை நான்கு மணிதான் கெடு. பதினான்கு பெயர் எழுதியாயிற்று. பதினைந்தாவது பெயருக்கு இரண்டு பேர். ஒருவன் ஜெபசிங், இருபத்து நான்கு வயது. இன்னொருவர் சேர்மதுரை, முப்பத்தொன்பது வயது. கம்பெனி அணி ஒன்றுக்குப் பதினாலு வருஷம் ஆடியவர். அந்த அணி இந்த வருஷம் அவரை விட்டுவிட்டது. நாலு ஊர் அணிகள் வந்து பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான்.

போன வருஷம் செவ்வலூர் ஒரே ஒரு புள்ளியில் மேல் பிரிவில் தப்பியது. கீழ்ப் பிரிவுக்குப் போனால் நல்ல ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு அணிக்குப் போய்விடுவார்கள். பிறகு செவ்வலூர் அணி என்று ஒன்று இருக்காது. பதினாறு வயதிலிருந்து அவன் ஆடுகிற அணி. அது தன் கையில் கலைந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, இதுதான் இசக்கிராஜின் வைராக்கியம்.

"நீ என்ன நெனைக்க?" என்றாள் அக்கா.

"வேண்டாம்னு நெனைக்கேன்."

"ஏன்?"

"நேத்து ஜெபசிங்கை நிப்பாட்டிப் பாத்தோம். அஞ்சு பிடி பிடிச்சான். இன்னைக்கு இவரை நிப்பாட்டினோம். நானும் சுயம்பும் ஆளுக்குப் பத்து தடவை பாடிப் போனோம். ஒண்ணுகூட இவரு பிடிக்கல. பஸ்ஸுக்கு நிக்கிற ஆளு மாதிரி கார்னர்ல நிக்காரு."

"பிறகு யாரு உங்களைப் பிடிச்சது?"

"வேலாண்டிதான். வலது கார்னர்ல நின்னு ஏழு பிடி. பிரிச்சு மேஞ்சுட்டான்க்கா."

"நேத்து அவன் எத்தனை பிடிச்சான்?"

"ஒண்ணு."

"ஒரே ராத்திரியில அவனுக்கு என்ன ஆச்சு?"

"என்னத்தத் தின்னானோ!" இசக்கிராஜ் சிரித்தான்.

அக்கா சிரிக்கவில்லை. "பலகையை எடு. களத்தை மட்டம் பண்ணு."

செவ்வலூரில் இன்னும் மண் களம்தான். தினமும் விடிந்ததும் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, கயிறு கட்டிய பலகையை இழுத்து மட்டம் பண்ணுவார்கள். வெறுங்காலோடுதான் ஆட்டம்.

"காலையிலதான இழுத்தோம்?"

"எல்லா இடத்திலயும் இழுக்க வேண்டாம். கால் தடம் இருக்கிற இடத்துல மட்டும் இழு. சேர்மதுரை அண்ணன் தடம் அப்படியே இருக்கட்டும்."

ஏன் எதற்கு என்று கேட்டால் பதில் வராது. இசக்கிராஜ் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டான். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த மற்றவர்களுக்கு ஒரே குஷி. "என்ன கேப்டன், காலாங்காத்தால பனிஷ்மெண்டா?" என்று வேலாண்டி கத்தினான்.

வேலாண்டி நின்ற பக்கத்திலிருந்து ஆரம்பித்தான். அங்கே மண் உழுது போட்டமாதிரி கிடந்தது. பாதம், முட்டி, முழங்கை என்று அத்தனையும் பதிந்திருந்தன. தான் குப்புற விழுந்த இடம் எதுவென்று அவனுக்கே அடையாளம் தெரிந்தது. ஒரு தடவை இழுத்தும் மட்டமாகவில்லை, மூன்று தடவை இழுக்க வேண்டியதாயிற்று. நடுவிலும் நல்ல மேடு பள்ளம். அதையும் இழுத்து முடித்தான்.

பிறகு சேர்மதுரை நின்ற பக்கம் வந்தான்.

பின்கோட்டை ஒட்டி அவருடைய தடம் மட்டும் கிடந்தது. அகலமான பாதம், இரண்டடி முன்னே, இரண்டடி பின்னே. அவருக்கு எதிரே இருந்த மண்ணில் விடியற்காலையில் பலகை போன கோடுகூட அழியவில்லை. ஒரு காக்கை நடந்து போயிருந்தது. வேறு யாரும் போகவில்லை.

இசக்கிராஜ் கயிற்றைக் கீழே போட்டான். முகமெல்லாம் சூடேறியது. வெட்கமாக இருந்தது அவனுக்கு, ரொம்ப வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்தபோது அக்கா டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"இழுத்துட்டியா?"

"அந்தப் பக்கம் இழுக்கதுக்கு ஒண்ணும் இல்லக்கா. நாங்க அங்க போகவே இல்ல."

"ஏன் போகல?"

அவன் அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"மூணு வருஷத்துக்கு முந்தி கோயில் கொடைக்கு நடந்த ஆட்டத்துல அவரு என்னை மூணு தடவை பிடிச்சுப் போட்டாரு. எங்கம்மா பாத்துட்டு நின்னா. அந்த ஆட்டத்தைத் தோத்தோம். அதுல இருந்து அவரு நிக்க பக்கம் என் காலு திரும்ப மாட்டேங்கு. இன்னைக்கு வரைக்கும் எனக்கே அது தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது."

"ம்."

"ஆனா அது அன்னைக்குள்ள சேர்மதுரை! இப்ப முட்டி போச்சு. கிளப் படியில ஏறும்போது பாத்தேன், பக்கவாட்டுல ஒவ்வொரு படியா ஏறுதாரு. முட்டி போன ஆளை வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

"என்கிட்ட கேட்டா? முட்டி அவருதுலா."

சேர்மதுரை குழாயடியில் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, முட்டியில் சுற்றியிருந்த பேண்டேஜைக் கழற்றிவிட்டு, பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். முட்டி வீங்கியிருந்தது. அதை மறைக்கவும் அவர் முயலவில்லை.

"அண்ணே, மறைக்காமச் சொல்லுங்க. முட்டி எப்படி இருக்கு?"

"போயிட்டு தம்பி."

இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வார் என்று இசக்கிராஜ் எதிர்பார்க்கவில்லை.

"அப்போ எப்படிண்ணே ஆடுவீங்க?"

"ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு பிடி தாங்கும். டாக்டரு ஒண்ணுகூட வேண்டாங்காரு, நான் ரெண்டுங்கேன். மூணாவதுக்குப் பாய்ஞ்சா, நாலு பேரு சேந்து என்னைத் தூக்கிட்டுத்தான் போவணும்."

"எந்த ரெண்டு?"

"அது எனக்கே தெரியாது." தண்ணீரை இன்னொரு சொம்பு ஊற்றினார். "வாரவனுக்கும் தெரியாது."

இசக்கிராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்.

"வேண்டாம்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லிருங்க தம்பி. பன்னெண்டரை பஸ்ஸுக்குப் போயிருவேன். சொல்லி அனுப்புதோம்னு மட்டும் சொல்லாதீங்க. வீட்டுல போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியல. எடுத்தா, நாளைக்கு விடியுமுன்ன இங்க நிப்பேன். மண்ணைக் கொத்தச் சொன்னாலும் கொத்துவேன். எனக்கு இன்னும் ஆடணும்."

இசக்கிராஜ் அக்காவைத் தேடி நடந்தான். அவன் மனசு மாறிவிட்டது. ஆனால் அவன் மனசு மாறினால் மட்டும் போதாது.

செவ்வலூரில் ஒரு வழக்கம் உண்டு. பட்டியலில் கடைசிப் பெயரை ஆட்டக்காரர்கள் கைதூக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். தோற்றால் பிறகு யாரும் யாரையும் குற்றம் சொல்லக் கூடாதல்லவா, அதற்காக. கேப்டனுக்கும் ஒரு கைதான். கோச்சுக்கு அதுவும் இல்லை. மரத்தடியில் இருந்த பதின்மூன்று பேரும் ஏற்கெனவே ஜெபசிங்தான் என்று பேசி முடித்துவிட்டார்கள். ஜெபசிங்கும் அவர்களோடு உட்கார்ந்து, ஊர்க்காரன்போலவே பேசிக்கொண்டிருந்தான்.

"அக்கா, நீங்களே அவங்ககிட்டச் சொல்லிருங்க. நீங்க சொன்னாக் கேப்பானுவ."

"என்னத்தைச் சொல்ல?"

"அதான், அவரு நிக்க பக்கம் யாரும் போகலேன்னு. பயம்னு."

"பத்து தடவை பாடிப் போனது நானா?"

"நான் சொன்னா சிரிப்பானுவக்கா."

"சிரிக்கட்டும்."

"கேப்டனுக்கே பயமாம்னு ஊரு பூரா பரவிரும். லீக்ல எதிர்க்க நிக்கவன் காதுலயும் விழும்."

"விழும்தான்."

அக்கா ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை. மீதி டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். இசக்கிராஜுக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மரத்தடிக்கு நடந்தான்.

"எல்லாரும் எந்திரிங்கல. களத்துக்கு வாங்க."

வந்தார்கள். சேர்மதுரை நின்ற பக்கத்தைக் காட்டினான்.

"இதுல என் கால் தடம் எங்க இருக்குன்னு காட்டுங்க பாப்போம்."

குனிந்து தேடினார்கள். நல்ல வெளிச்சம், ஈர மண். யாராலும் காட்ட முடியவில்லை.

"இல்ல. ஏன்னா நான் போகல. பத்து தடவையும் போகல. எனக்கு அவரைக் கண்டா பயம்."

வேலாண்டிதான் முதலில் சிரித்தான். இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். இசக்கிராஜ் அசையவில்லை, தலையையும் குனியவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

அவனோடு பாடிப் போன இரண்டாவது ரைடர் சுயம்பு சிரிக்காமல் நின்றான். மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவன், "என் தடமும் இல்ல" என்றான்.

"உனக்குமால?" என்றான் வேலாண்டி.

"பின்ன! அவரு கம்பெனி டீமுக்கு ஆடும்போது ஒரு தடவை என்னைப் பிடிச்சாரு. ஒரு வாரம் குப்புறப் படுக்க முடியல. அவரு முட்டி போனதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போகாம இருந்தேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. வேலாண்டியின் முகம்தான் சுருங்கிப்போனது.

"அப்ப என்னோட ஏழு பிடி?"

"பிடிச்சது நீதான்ல" என்றான் இசக்கிராஜ். "ஆனா நாங்க வேற போக்கிடம் இல்லாம உன் பக்கமே வந்து வந்து விழுந்தோம்."

வேலாண்டி சேர்மதுரையின் தடத்தைப் பார்த்தான், தான் நின்ற பக்கத்தைப் பார்த்தான். மனசுக்குள் என்ன ஓடியதோ, சட்டென்று கையைத் தூக்கினான்.

"அப்ப அந்த மனுஷன் அங்கயே நிக்கட்டும்யா! அசையக்கூட வேண்டாம்."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். சுயம்பு கை தூக்கினான். இசக்கிராஜ் தூக்கினான். ஒவ்வொன்றாக மொத்தம் பதினொரு கைகள் வந்தன. மூன்று வரவில்லை.

ஜெபசிங்கின் முகம் வாடிவிட்டது. இசக்கிராஜ் அவன் தோளில் கை வைத்து, "அடுத்த வருஷம் நீதான்" என்றான். ஜெபசிங் தலையாட்டினான், ஆனால் அவனுக்கு அது ஆறுதலாக இல்லை. பையை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டான். அது இசக்கிராஜுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

பதினைந்தாவது பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, கோச் கையெழுத்துக்காக அக்காவிடம் தாளை நீட்டினான். அவள் வாங்கினாள். அவன் பேனாவைக் கொடுக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன்க்கா. இதையாவது நேராச் சொல்லுங்க."

"கேளு."

"லீக்ல பன்னெண்டு ஆட்டம். ரெண்டு பிடிக்கு மேல அவரு முட்டி தாங்காதுன்னு எவனாவது கண்டுபிடிச்சிருவான்லா? அப்ப என்ன செய்ய?"

அக்கா அவன் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

"கண்டுபிடிக்கணும்னா, எவனாவது ஒருத்தன் மொதல்ல அந்தப் பக்கம் போவணும்லா?" என்றாள்.