உச்சியை விட்டு இறங்காத ஆதிலிங்கம்

முந்திரிவிளைக்காரர்களின் மூளையை யாரும் குறைசொல்ல முடியாது. செலவழிக்காமல் அப்படியே புத்தம் புதுசாக வைத்திருந்தார்கள்.

ஊருக்குக் கிழக்கே தேரி. கண்ணுக்கு எட்டின மட்டும் சிவப்பு மணல் மேடுகள். ஆடிக்காற்று அடித்தால் மேடே கிளம்பி இன்னும் கிழக்கே நகரும். அப்படி நகர்ந்த ஒரு மேடு ஆதிலிங்கத்தின் கிணற்றை நெருங்கிவிட்டது. அந்தக் கிணறு போனால் வாழையும் போச்சு, பிழைப்பும் போச்சு. மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

மரம் நட வந்த அதிகாரி ஒருவர் இரக்கப்பட்டு, "மேட்டுக்கு மேற்கே ஓலைத்தட்டி நட்டு வையுங்க, மணல் நின்னுடும்" என்றார். நட்டார்கள். மறுநாளே காற்று சுழற்றி அடித்தது.

"ஐயையோ, தட்டி கிழிஞ்சிருமே!" என்று பதறினார் ஊர்ப் பெரியதனக்காரர் குணமுத்து.

எல்லாரும் ஓடிப்போய்த் தட்டிகளைப் பிடுங்கி வீட்டுக்குள் பத்திரப்படுத்தினார்கள். காற்று ஓய்ந்ததும் மறுபடி நட்டார்கள். ஆடி முழுக்க இதே வேலை. தட்டியில் ஒரு கீறல் விழவில்லை. கிணறுதான் மூடிப்போனது.

ஆதிலிங்கம் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அதிகாரி தேற்றினார்: "காத்து இந்தச் சரிவு மணலை உச்சிக்கு ஏத்தி, அந்தப் பக்கம் கொட்டிக்கிட்டே இருக்கும். மேடு அப்படியே நகர்ந்துரும், கிணறு தானா வெளிய வரும். இடத்துக்கு மட்டும் ஒரு அடையாளம் வச்சுக்கிடுங்க."

ஊர் கூடியது.

"கல்லு நடுவோமா?" என்றான் சித்திரைபாண்டி.

"கல்லை மணல் மூடிரும்லே. மனுசன்னா மணல் ஏற ஏற எந்திரிச்சுக்கிடுவான்" என்றார் குணமுத்து.

"சரிதான். இப்ப கிணறு எங்க கெடக்கு?"

"உச்சிக்கு நேர் கீழ."

"அப்ப ஆதிலிங்கம் அண்ணாச்சி உச்சியில உக்காரட்டும். என்ன ஆனாலும் உச்சியை விட்டு இறங்கப்படாது."

தன் கிணறாச்சே! ஆதிலிங்கம் குடையும் முக்காலியுமாக ஏறி உட்கார்ந்தார். ஒவ்வொரு ஆடிக்கும் உச்சி கொஞ்சம் கிழக்கே தள்ளிப்போகும். அவரும் முக்காலியை எடுத்துக்கொண்டு உச்சிக்கே போய்விடுவார். சொன்ன சொல் தவறாத மனுஷன்.

"சோறு கொண்டுபோற தூரம் வருசா வருசம் கூடுதே, அது ஏன்?" என்று கேட்டாள் அவர் பெண்சாதி பேச்சித்தாய்.

"வயசாவுதுல்லா மதினி" என்றான் சித்திரைபாண்டி.

ஒருநாள் அவள் சோறு கொண்டுபோகும் வழியில், மேட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு தலைகாட்டியது. ஊரே ஓடிவந்து எட்டிப் பார்த்தது. உள்ளே தண்ணீர் பளபளத்தது.

"எங்க கிணறு மாதிரி தெரியுதே!" என்றாள் பேச்சித்தாய்.

"அதெப்படி? அண்ணாச்சி அங்கல்லா உக்காந்திருக்காரு! இது வேற எவன் கிணறோ" என்றார் குணமுத்து.

இருந்தாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு செம்பு மோந்து உச்சிக்குக் கொண்டுபோனாள். ஆதிலிங்கம் ஒரு மடக்குக் குடித்தார். கண் கலங்கிவிட்டது. அதே இனிப்பு, அதே குளிர்ச்சி!

"பாவி மட்டை!" என்று துள்ளி எழுந்தார். "இது என் கிணத்துத் தண்ணில்லா! எவனோ பக்கத்துலயே கிணறு தோண்டி, அடிவழியா உறிஞ்சுதான்!"

ஊருக்கு ரத்தம் கொதித்தது. ஆணும் பெண்ணுமாகக் கூடை கூடையாக மணலை வாரி அந்தக் கிணற்றுக்குள் கொட்டினார்கள். உச்சியில் நின்று ஆதிலிங்கம் தொண்டை கிழியக் கத்தினார்:

"நல்லா மூடுங்கடே! நம்ம தண்ணி ஒரு சொட்டு வெளிய போவப்படாது!"