பொன்வாகை நகரின் பாட்டில் மரம்

பொன்வாகை நகர் நலச்சங்கத்தின் செயலாளர் பதவியைத் தணிகாசலம் மந்திரி பதவிக்குச் சமமாக நினைத்திருந்தார். இப்போது அதற்கு ஆபத்து. நகராட்சி ஆணையர் வெள்ளிக்கிழமை பூங்காவைப் பார்க்க வருகிறார். அங்கே பட்டுப்போய் நிற்கும் வாகை மரத்தை அலங்கரிக்கும்படி தலைவி சௌந்திரவல்லி அம்மாள் உத்தரவு போட்டுவிட்டார்.

"கலர் கலரா பாட்டில் வாங்குங்க. எல்லாம் காலியா இருக்கணும். கிளையில தலைகீழா மாட்டுங்க. சொதப்பினா வேற செயலாளரைப் பார்த்துக்குவேன்."

வெள்ளிக்கிழமை காலை தணிகாசலமும் பொருளாளர் வேதமுத்துவும் துணைச் செயலாளர் கோபண்ணாவும் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சோடா பாட்டில்களைப் பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். நிறம் அமர்க்களம். காலியாக மட்டும் இல்லை. கீழே கொட்டிவிடலாம் என்றார் கோபண்ணா. சங்கத்துச் சொத்தை மண்ணில் கொட்டினால் உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள் என்று வேதமுத்து மறுத்தார். ஆகவே பொதுநலம் கருதி மூவரும் ஆளுக்கொரு நிறமாகப் பிரித்துக்கொண்டு, ஏப்பத்துக்கு நடுவே மூச்சு வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தார்கள்.

பிறகு பார்த்தால் அத்தனையும் வெறும் கண்ணாடி. தணிகாசலம் ஒரு பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஆணையரின் ஜீப் வேறு தெருமுனைக்கு வந்துவிட்டது.

"கலர் எங்கய்யா போச்சு?"

வேதமுத்து நாக்கை நீட்டினார். சிவப்பு. கோபண்ணாவுடையது பச்சை. தணிகாசலத்துடையது நல்ல மஞ்சள்.

"அப்ப கலர் நம்மகிட்டதான் இருக்கு," என்றார் தணிகாசலம். பதவி பிழைத்த சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "மரத்துல ஏறுங்க. தலைகீழா."

ஆணையர் வந்தபோது மூவரும் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, முழங்காலைக் கிளையில் மாட்டி, நாக்கை நீட்டியபடி தொங்கிக்கொண்டிருந்தார்கள். இதென்ன கூத்து என்று தலைவி கேட்டார். நாக்கு உள்ளே போனால் அலங்காரம் கெட்டுவிடுமே என்று யாரும் வாய் பேசவில்லை. கிளைதான் மடமடவென்று பேசியது. மூவரும் பொத்தென்று விழுந்தார்கள்.

சௌந்திரவல்லி அம்மாள் அங்கேயே பதவியைப் பறித்தார். மண்ணில் கிடந்தபடி யோசித்த தணிகாசலத்துக்குத் தப்பு எங்கே என்று புரிந்துவிட்டது.

"காலியா இருக்கணும்னு அம்மா அப்பவே சொன்னாங்க. நாமதான் வயிறு முட்டக் குடிச்சிட்டுத் தொங்கிட்டோம். அடுத்த தடவை பட்டினியாத் தொங்கணும்னு தீர்மானம் கொண்டு வரேன்."

வேதமுத்து படுத்தபடியே கையைத் தூக்கி வழிமொழிந்தார். கோபண்ணா மட்டும், ஆணையர் இன்னும் கிளம்பாததால் நாக்கை உள்ளே இழுக்கவில்லை.