குடு என்கிற சத்தம்

“அவ பந்தை யாருக்குமே குடுக்க மாட்டேங்குறா அம்மா,” என்றார் மாசிலாமணி.

செங்கமலம் அம்மாள் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“யாரு ஐயா?”

“தில்லை.”

“உங்க பொண்ணா?”

“இல்லம்மா. என் டீம்ல நடுவுல ஆடுற பொண்ணு.”

மாசிலாமணி பெண்கள் கல்லூரியில் கால்பந்துப் பயிற்சியாளர். ஐம்பதை நெருங்குகிறவர். கல்லூரி மைதானத்து மதிலுக்கு இந்தப் பக்கம்தான் வள்ளலார் சபை. தினம் காலையில் அங்கே நூறு பேருக்குக் கஞ்சி ஊற்றுகிறார்கள். அந்த அடுப்பைப் பதினைந்து வருடமாகப் பார்த்துக்கொள்கிறவர் செங்கமலம் அம்மாள்.

மாசிலாமணியைவிட நாலைந்து வயது இளையவர்தான். ஆனாலும் மனசு சரியில்லாதவர்கள் அவரை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர் பெரிதாக ஒன்றும் சொல்லிவிட மாட்டார். ஏதாவது வேலை கொடுப்பார். அவ்வளவுதான்.

“குடுக்காம என்ன பண்றா?”

“ஓடுறா. பந்து காலுக்கு வந்ததும் ஓடுறா. மூணு பேர் மறிச்சாலும் ஓடுறா. ரெண்டு பேரைத் தாண்டிடுவா, மூணாவது ஆள்கிட்டப் பந்து போயிடும்.”

“நல்லா ஓடுவாளா?”

மாசிலாமணி மதில் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“இருபத்தாறு வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்ல.”

“சரி.”

“ஞாயித்துக்கிழமை மேட்ச் அம்மா. அதுலயும் பாஸ் குடுக்கலன்னா டீம்லேர்ந்து எடுத்துடறேன்னு பிரின்சிபால்கிட்டச் சொல்லிட்டேன். கோவத்துல சொல்லிட்டேன். விளையாட்டை வெச்சுத்தான் அவளுக்குக் காலேஜ்ல சீட்டு, ஹாஸ்டல் எல்லாம். டீம்ல இல்லன்னா ஊருக்குப் போக வேண்டியதுதான்.”

“அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?”

“தெரியும். அழக்கூட இல்ல. சரிங்க சார்னு சொல்லிட்டுப் போயிட்டா. அதுதான் எனக்கு...”

செங்கமலம் அம்மாள் ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார்.

“நீங்க என்னவெல்லாம் பண்ணிப் பார்த்தீங்க?”

“சுண்ணாம்பால வட்டம் போட்டு உள்ள நிக்க வெச்சேன். ஆறு இடத்துல குச்சி நட்டு, குச்சிக்குக் குச்சி பாஸ் பண்ணச் சொன்னேன். ஆறும் சரியாப் போச்சு. நின்னா குடுக்கிறா. ஓடினா குடுக்க மாட்டேங்குறா. சரி, ஓடவே ஓடாதேன்னு சொல்லிட்டேன்.”

“ஓடலையா?”

“ஓடல. போன மேட்ச் முழுக்க சொன்ன இடத்துல நின்னா. தண்ணி வத்தின குளத்துல வாத்து நிக்கிற மாதிரி. மூணு கோல்ல தோத்தோம்.”

“மொத்தம் எத்தனை பேர் ஆடுறாங்க?”

“பதினோரு பேர்.”

“எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்தீங்க?”

“பாஸ் பண்ணவா? அவ ஒருத்திக்குத்தான். மத்த பத்துப் பேரும் சரியாத்தானே இருக்காங்க.”

செங்கமலம் அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் முறத்திலிருந்து கொஞ்சம் அரிசி சிந்தியது. அதைக் கூட்டி அள்ளிக்கொண்டே சொன்னார்:

“நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வாங்க ஐயா. கஞ்சி தூக்க ஆள் வேணும்.”

*

புதன்கிழமை காலை. கஞ்சி கொதித்து இறங்கியிருந்தது.

ஒரு குண்டானில் முக்கால் அளவு ஊற்றி, இரண்டு கரித்துணியையும் கொடுத்தார் அம்மாள்.

“கூடம் வரைக்கும் நாப்பது அடி இருக்கும். வழியில நம்ம ஆளுங்க நாலு பேர் நிப்பாங்க. யார் கையிலயாவது குடுத்துடுங்க. கீழே மட்டும் வைக்காதீங்க.”

இது ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டு மாசிலாமணி தூக்கினார்.

பத்தடி போவதற்குள் துணியைத் தாண்டிச் சூடு ஏறிவிட்டது.

“இங்க குடுங்க ஐயா!” என்று வேப்பமரத்தடியிலிருந்து ஒருவர் கையை நீட்டினார்.

“என்கிட்டக் குடுங்க!” என்று தண்ணீர்த் தொட்டியருகிலிருந்து ஒரு குரல்.

“குடுங்க ஐயா, குடுங்க!”

“ஐயா, இந்தப் பக்கம்! குடுங்க!”

வலது பக்கம் திரும்பினார். கஞ்சி அலம்பியது. இடது பக்கம் திரும்பினார். பாதத்தில் சொட்டியது. யாரையும் பார்க்க முடியவில்லை. குண்டானின் விளிம்பைத்தான் பார்க்க முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கூடத்துக்கே போய், மேடையில் தொப்பென்று வைத்தார். கால்வாசி கஞ்சி வேட்டியில் இருந்தது.

செங்கமலம் அம்மாள் பின்னாலேயே வந்தார்.

“ஏன் ஐயா யாருக்குமே குடுக்கல?”

மாசிலாமணிக்குக் கோபம் வந்துவிட்டது.

“எப்படிம்மா குடுக்கிறது? ஆளுக்கொரு மூலையில நின்னுக்கிட்டு குடு குடுன்னா? கொதிக்கிற கஞ்சியைத் தூக்கியா எறிய முடியும்?”

அம்மாள் அவர் பாதத்தைப் பார்த்தார். தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, தட்டு கழுவப் போய்விட்டார்.

மாசிலாமணி காலில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தடவத் தடவ, தான் சொன்னதே திரும்பக் காதில் விழுந்தது.

எண்ணெயைத் துடைக்காமலேயே எழுந்து போனார்.

*

அன்று சாயங்காலம் பத்துப் பெண்களையும் கூப்பிட்டார்.

“தில்லை பந்தை எடுத்தா நீங்க யாரும் இடத்துல நிக்கக்கூடாது. எல்லாரும் அவகிட்டப் போகணும்.”

போனார்கள். பத்துப் பேரும் போனார்கள். கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் மேசையைச் சூழ்கிற மாதிரி சூழ்ந்துகொண்டார்கள்.

“குடுடி!”

“ஏய் தில்லை, குடு!”

“இங்க! எனக்குக் குடு!”

கோட்டோரத்திலிருந்து மாசிலாமணியும் தொண்டை கிழியக் கத்தினார். “குடு தில்லை! குடு!”

தில்லை தலையைக் குனிந்தாள். கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடினாள். ரெஜினா மீது மோதி இரண்டு பேரும் விழுந்தார்கள்.

“என்னை எருமை மாடுன்னு நினைச்சியாடி?” என்று ரெஜினா முழங்கையை ஊதிக்கொண்டாள்.

மாசிலாமணி தில்லையைக் கைதூக்கி எழுப்பினார்.

“ஏம்மா, இத்தனை பேர் பக்கத்துல இருந்தாங்களே. ஒருத்திகூடவா கண்ணுக்குத் தெரியல?”

தில்லை கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

“ஓடும்போது ஆளு தெரியல சார். சத்தம்தான் தெரியுது.”

*

வெள்ளிக்கிழமை காலை மாசிலாமணி மறுபடி சபைக்குப் போனார். இந்த முறை வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

“பக்கத்துல போகச் சொன்னேன் அம்மா. போனாங்க. அப்பவும் ஆகல.”

“கேட்டுது.”

“என்ன கேட்டுது?”

“மதிலுக்கு அந்தப் பக்கம் பேசினா இங்க எல்லாம் கேட்கும் ஐயா. நான் இந்தச் சபைக்கு வந்த புதுசுல, சாயங்காலமானா குடு குடுன்னு ஒரே சத்தம். பாவம், பசியா இருக்கும்போலன்னு ஒரு நாள் தூக்குல கஞ்சி எடுத்துக்கிட்டு வாட்ச்மேன்கிட்ட வந்து நின்னேன். அவர் சிரிச்சுட்டார். பந்து விளையாடுறாங்கம்மான்னார்.”

மாசிலாமணியும் சிரித்தார்.

“அதுல ஒரு ஆம்பளைக் குரல் உண்டு,” என்றார் அம்மாள். “இப்பவும் உண்டு. எல்லாரையும்விட அந்தக் குரலுக்குத்தான் பசி அதிகம்.”

மாசிலாமணியின் சிரிப்பு நின்றுவிட்டது.

“தூக்குங்க ஐயா. கஞ்சி ஆறுது.”

தூக்கினார். அதே குண்டான், அதே சூடு. முற்றத்தில் யாரும் கூப்பிடவில்லை. மரத்தடியிலும் தொட்டியருகிலும் ஆள் இல்லை. நாற்பது அடியும் நாமேதான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு நடந்தார்.

பாதி வழியில் பக்கத்தில் செருப்பில்லாத கால் சத்தம் ஒன்று கேட்டது. பந்தி பரிமாறுகிற அருணகிரி, தோளில் ஒரு கரித்துணியோடு. அவர் கையை நீட்டவில்லை. நிற்கவும் இல்லை. மாசிலாமணி எந்த வேகத்தில் போனாரோ அதே வேகத்தில் தோளோடு தோளாக வந்தார்.

“இருக்கேன் ஐயா,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கூடத்து வாசலில் செங்கமலம் அம்மாள் நின்றிருந்தார்.

“எப்பக் குடுத்தீங்க?”

மாசிலாமணி குனிந்து பார்த்தார். கையில் இரண்டு கரித்துணி மட்டும் இருந்தது. அருணகிரி உள்ளே போய் முதல் வரிசைக்கு ஊற்றத் தொடங்கியிருந்தார்.

“தெரியலம்மா,” என்றார்.

*

அன்று சாயங்காலம் பெண்களை வட்டமாக உட்காரவைத்தார்.

“இனிமே மைதானத்துல குடுன்னு யாரும் சொல்லக்கூடாது. சொன்னா கிரவுண்டைச் சுத்தி ஒரு ரவுண்டு.”

“பின்ன என்ன சார் சொல்றது?” என்றாள் ரெஜினா.

“இருக்கேன்னு சொல்லு. தில்லை ஓடினா இடது பக்கம் நீ, வலது பக்கம் மும்தாஜ். அவ வேகத்துக்கே கூட ஓடணும். மத்தவங்க கூட்டம் போட வேண்டாம். கூட இருந்தாத்தான் இருக்கேன்னு சொல்லணும்.”

“பொய் சொல்லக் கூடாதுங்குறீங்க.”

“ஆமா.”

தில்லை கையை உயர்த்தினாள். தனக்கு என்ன தண்டனையோ என்கிற மாதிரி முகம்.

“நான் என்ன சார் பண்ணணும்?”

“நீ ஓடு.”

“நிக்க வேண்டாமா?”

“வேண்டாம். ஓடு.”

அவள் நம்பாமல் ரெஜினாவைப் பார்த்தாள். ரெஜினா தோளைக் குலுக்கினாள்.

ஆட்டம் தொடங்கி மூன்று நிமிஷம் ஆகியிருக்காது. கோட்டோரத்திலிருந்து “குடு!” என்று ஒரு சத்தம் வெடித்தது.

பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

மாசிலாமணி வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு விசிலைக் கழற்றி மும்தாஜிடம் கொடுத்துவிட்டு, மைதானத்தைச் சுற்றி ஓடத் தொடங்கினார். தொந்தி குலுங்க அவர் ஓடியதைப் பார்த்துப் பெண்கள் கைதட்டினார்கள். தில்லை சிரித்தாள். இத்தனை மாதத்தில் அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை.

சனிக்கிழமையும் அவர்தான் அதிகம் ஓடினார்.

*

ஞாயிற்றுக்கிழமை. பிரின்சிபால் அம்மா முன்வரிசை நாற்காலியில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்.

மாசிலாமணி ஒரு துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு கோட்டோரம் நின்றார்.

முதல் பாதியில் ஒன்றும் நடக்கவில்லை. தில்லை ஓடினாள், பந்தை இழந்தாள். ரெஜினா பின்தங்கினாள். மும்தாஜ் பயத்தில் இரண்டு தடவை குடு என்று கத்திவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். எதிரணி ஒரு கோல் போட்டது.

“மாஸ்டர்,” என்றார் பிரின்சிபால் அம்மா. “அந்தப் பொண்ணு இன்னைக்கும் குடுக்கலையே.”

மாசிலாமணி தலையை மட்டும் ஆட்டினார். துண்டை எடுத்தால் என்ன வரும் என்று அவருக்கே தெரியாது.

ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருந்தது.

பந்து தில்லையின் காலுக்கு வந்தது. அவள் கிளம்பினாள். ஒருத்தியைத் தாண்டினாள். இரண்டாமவளைத் தாண்டினாள். மூன்றாமவள் எதிரே வந்தாள். இங்கேதான், எப்போதும் இங்கேதான் போகும். மாசிலாமணியின் நெஞ்சிலிருந்து அந்தச் சொல் கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. துண்டை இறுக்கிக் கடித்தார். கண் தானாக மூடிக்கொண்டது.

இடது பக்கமிருந்து மூச்சு வாங்குகிற ஒரு குரல் மெல்லிசாகக் கேட்டது.

“இருக்கேன்டி.”

கண்ணைத் திறந்தபோது பந்து ரெஜினாவின் காலில் இருந்தது. தில்லை இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள்.

ரெஜினா அடித்தாள். பந்து கம்பத்தில் பட்டு டங்கென்று சத்தம் போட்டு வெளியே போனது.

தோற்றுப்போனார்கள். ஒரு கோலில்.

பிரின்சிபால் அம்மா குடையை மடக்கினார்.

“தோத்துட்டீங்களே மாஸ்டர்.”

“ஆமா மேடம்.”

“அந்தப் பொண்ணு பேரை என்ன பண்ணட்டும்?”

“இருக்கட்டும் மேடம்.”

மாசிலாமணி மைதானத்துக்குள் நடந்தார். தில்லை தரையில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ரெஜினா அவள் முதுகில் சாய்ந்து, கம்பத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் குனிந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா, எப்ப குடுத்தே?”

தில்லை நிமிர்ந்து பார்த்தாள்.

“எதை சார்?”