சாவதற்கென்றே இருந்த நடிகர்

கியோட்டோ ஸ்டூடியோக்களில் இசோகாயைத் தெரியாத கதாநாயகன் கிடையாது. வாள்சண்டைப் படங்களில் எல்லாருடைய வாளுக்கும் அவர் ஒரு தடவையாவது செத்துக் கொடுத்திருக்கிறார். படம் பார்த்தவர்களுக்குத்தான் அவரைத் தெரியாது. முகம் மனதில் பதிவதற்குள் வெட்டுப்பட்டு விழுந்துவிடும் ஆளை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? ஒரே ஒரு படத்தில் வசனம் கிடைத்தது. அதுவும் எடிட்டிங்கில் போயிற்று.

அறுபதை நெருங்கும்போது ஈரலில் கட்டி என்றார்கள். பனிக்காலம் தாண்டாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து இசோகாய்க்குச் சோறு இறங்கவில்லை. பயம். வேறொன்றுமில்லை, வெறும் பயம்.

மலையடிவார ஜென் மடத்தில் மியோஷுன் என்ற பெண் துறவி இருந்தார். இசோகாயைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் அவரிடம்தான் இசோகாய் தியானம் பழகிவந்தார். நேராகப் போய் அவர் முன்னால் விழுந்தார்.

"குருவே, வாழ்நாள் பூரா செத்து செத்தே சோறு தின்னவன் நான். இப்ப நிஜமாவே சாவு வருதுன்னதும் பயம் புடிச்சு ஆட்டுது. எனக்கே வெட்கமா இருக்கு."

"எப்படிச் சாவீங்க? செஞ்சு காட்டுங்க."

இசோகாய் எழுந்தார். உடம்பில் தெம்பில்லை; ஆனாலும் தொழில் என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். இல்லாத வாள் ஒன்று அவர் தோளில் இறங்கியது. பின்னால் வளைந்து, அரைவட்டம் சுழன்று, கதாநாயகன் நிற்கவேண்டிய இடத்தை மறைக்காமல் ஓரமாகச் சரிந்தார். அதன்பிறகு நெஞ்சு ஏறி இறங்குவதுகூடத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த மியோஷுன், முள்ளங்கி பிடுங்கத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஈ ஒன்று இசோகாயின் உதட்டில் வந்து உட்கார்ந்தது. அவர் அசையவில்லை. வெயில் தரையைவிட்டு நகர்ந்து சுவரில் ஏறியது. முதுகு ஜில்லிட்டது. அப்போதும் அப்படியே கிடந்தார்.

துறவி மண் ஒட்டிய கையோடு திரும்பி வந்தார்.

"இன்னும் ஏன் கிடக்கிறீங்க?"

"நீங்க 'கட்' சொல்லலியே, குருவே." கண்ணைத் திறக்காமலே சொன்னார் இசோகாய். "டைரக்டர் அதைச் சொல்ற வரைக்கும் பொணம் எழுந்திருக்கக் கூடாது. எங்க தொழில்ல அதுதான் மரியாதை."

"இவ்வளவு நேரமும் பயமா இருந்துச்சா?"

இசோகாய் யோசித்தார்.

"இல்ல. எப்படியும் சொல்லிடுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

"அப்படி ஒண்ணு சொல்லணும்கிறதே எனக்குத் தெரியாதே" என்றார் மியோஷுன்.