அழுத்தித் தேய்க்கும் முதலாளி

ரைஸ் மில் முதலாளி சடையப்பருக்கு எதையும் அழுத்தித் தேய்த்தால்தான் சுத்தம். முரட்டு பிரஷால் பல் தேய்த்துத் தேய்த்து ஈறெல்லாம் ரத்தம். நாலு பேஸ்ட் மாற்றியும் நிற்கவில்லை.

"இதை நிறுத்த வழி சொல்லுடா! பிரஷை மாத்துன்னு மட்டும் சொன்னே, வேலை போச்சு!" என்று டிரைவர் சந்தனத்திடம் எரிந்து விழுந்தார்.

மறுநாள் சந்தனம், புதுக் காரைக் கழுவுவதற்குத் தரை தேய்க்கும் பிரஷை ஓங்கினான்.

முதலாளி அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். "டேய், கீறல் விழும்டா! மெத்துனு இருக்கற பிரஷா எடுத்து, அழுத்தாமத் தேய்!"

"உங்க ஈறும் இதைத்தானுங்க கேக்குது. நான் சொல்லலை, நீங்களே சொல்லிட்டீங்க."

பிரஷ் மாறியது. அடுத்த மாதம் முதலாளி கொய்யாக்காயைக் கடித்தார்; ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

எந்த டாக்டர் என்று யார் கேட்டாலும், கும்பிட்டபடி டிரைவர் சீட்டைக் காட்டுகிறார்: "அதோ, அவருதான்!"