வரித்தலை வாத்தின் இரண்டாவது கோடு

அந்தக் காலத்தில் வாத்துகள் ஒரு தப்பு செய்தன. சீனப் பேச்சைத் தங்களுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டன.

அப்போது பறவைகள் பேசும். குளிர்காலத்தில் சீனத்து ஏரிகளிலிருந்து பனிமலை தாண்டி நம் பக்கத்துக் குளங்களுக்கு வாத்துகள் வரும். தலை முழுக்க வெள்ளை. ஒரு கோடு கிடையாது. ஊராரோடு தமிழ் பேசும், தங்களுக்குள் சீனம். யார் கேட்டாலும் கற்றுத் தராது.

"அள்ளிக் கொடுத்தால் நெல்லுக் குதிரே காலியாகும்," என்பார் கூட்டத்தின் பெரியவர்.

குளத்துக்கரையில் நீலாயி என்று ஒருத்தி. அப்பா பெங், சீனத்துக் கப்பலில் பாய் தைக்க வந்தவர். இங்கேயே கல்யாணம் செய்து தங்கிவிட்டார். மனைவி போய்ச் சேர்ந்தபின் அப்பாவும் மகளும்தான். மகளுக்குச் சீனம் சொல்லித் தரவில்லை. "இங்கே பிழைக்கப்போறவளுக்கு அது எதுக்கு?" என்பார். அதுவும் தப்புதான்.

ஒரு தை மாதம் பெங்குக்குக் கடும் காய்ச்சல். தமிழ் மொத்தமும் மறந்துபோயிற்று. சீனத்தில் யாரையோ கூப்பிட்டார். "என்னப்பா, என்னப்பா" என்றாள் மகள். அவருக்குப் புரியவில்லை. மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். கஞ்சி வேண்டாம். மருந்து வேண்டாம்.

வைத்தியர் கையை உதறினார். "உள்ளே போனால்தானே மருந்து? அவர் பேச்சில் பதில் சொல்ல ஆளைக் கொண்டு வா, போ."

நீலாயி குளத்துக்கு ஓடினாள்.

"பெரியவரே, நாலு சொல் போதும்."

"தர முடியாது."

"எங்கப்பா சாகக் கிடக்கிறார்."

"வருத்தம்தான். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு ஊருக்கு. எங்களுக்கு என்ன மிஞ்சும்?"

"இறைக்கிற கிணறுதானே ஊறும்?"

"அது கிணறு. இது குதிர்." திரும்பிக்கொண்டார்.

கூட்டத்தில் ஒரு வாயாடி வாத்து இருந்தாள். புல் மேய்கிற சாக்கில் நீலாயி பின்னாலேயே வந்தாள்.

"அழாதே. சொல்லு, 'பா'."

"பாவா? எங்க 'அப்பா'வில் பாதிதானே இது!"

"மீதியையும் கத்துக்கோ. 'வோ ஸாய்.' நான் இருக்கேன்னு அர்த்தம்."

"வோ ஸாய்."

"ஐயே! குரல் மேலே போகுது. கடைசியில் கீழே விழணும், குளத்தில் கல் விழுற மாதிரி."

நீலாயி ஒரு கல்லை எடுத்துப் போட்டாள். பொளக். ஸாய். இன்னொன்று. பொளக். ஸாய்.

"அதுதான்!" என்றாள் வாயாடி.

கல் விழுந்த சத்தத்தில் பெரியவர் வந்துவிட்டார். கரையில் கிடந்த கரிக்கட்டையைக் கவ்வினார். வாயாடியின் பின்தலையில் கறுப்பாக ஒரு கோடு இழுத்தார். "பேச்சைத் திருடிக் கொடுத்தவள். இனி யாரும் இவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது."

நீலாயி வாயாடியையே பார்த்தாள்.

"என்னை என்ன பார்க்கிறே?" என்றாள் வாயாடி. "ஓடு. போய்ச் சொல்லு."

ஓடினாள். அப்பா காதில் வாய் வைத்து, "பா, வோ ஸாய்" என்றாள். அசையவில்லை. மறுபடி சொன்னாள், கல்லைப் போட்ட மாதிரி.

பெங் திரும்பினார். மகளைப் பார்த்தார். கடகடவென்று சீனத்தில் என்னென்னவோ பேசினார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாவற்றுக்கும் "வோ ஸாய்" என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டே கஞ்சியைக் குடித்தார்.

காய்ச்சல் விட்டு, தமிழும் திரும்பி வந்து, அப்பா எழுந்து நடமாடியதும் இருவரும் குளத்துக்குப் போனார்கள். வாயாடி தனியே மேய்ந்துகொண்டிருந்தாள். ஒரு வாத்தும் கிட்டே இல்லை. பெங் விசாரித்தார். கரிக்கட்டையைக் கையில் எடுத்தார்.

"இன்னொன்றா?" என்று கழுத்தை இழுத்தாள் அவள்.

"அசையாதே." முதல் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு போட்டார். பிறகு பெரியவரிடம் சொன்னார்: "நம்ம சீன எழுத்தில் ஒரு கோடு போட்டால் ஒன்று, இரண்டு கோடு போட்டால் இரண்டு. என் வீட்டில் நம்ம பேச்சுக்கு ஒரு வாய் இருந்தது. இப்போ இரண்டு. குறைஞ்சுதா பெரியவரே?"

பெரியவர் கழுத்தைத் தாழ்த்தினார். "எனக்கும் போடு."

பின்னாலேயே கூட்டம் முழுக்க நின்றது. நீலாயி கரியை வாங்கிக்கொண்டாள். "சும்மா போடமாட்டேன். ஒரு கோட்டுக்கு ஒரு சொல்."

பொழுது சாயும்போது அவள் வாய் நிறையச் சீனம்.

அன்று முதல்தான் வரித்தலை வாத்துக்குப் பின்தலையில் இரண்டு கறுப்புக் கோடு. இறங்கும் ஊரிலெல்லாம், கேட்கிறவர்களுக்கு நாலு சொல் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பும். வாயாடியிடம் பறித்த பெயரைப் பெரியவரே உரக்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். இன்றைக்கும் பனிமலை தாண்டும்போது, முன்னால் பறக்கிறவளை அந்தப் பெயரால்தான், 'கற்றுக்கொள்' என்று அர்த்தமுள்ள அந்தச் சீனச் சொல்லால்தான் கூப்பிடுகின்றன: ஷுவே!