கழுத்து திரும்பிய அன்னம்

ரொம்ப காலத்துக்கு முன்னால் வேங்கைநாடு என்றொரு நாட்டை விசயபூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். ஆனால் பீங்கான் பைத்தியம். துறைமுகத்தில் சீனக் கப்பல் தலை காட்டினால் போதும், ராஜ்ய வேலையெல்லாம் அந்தரத்தில் நிற்கும். மீன் வடிவத்தில் ஒன்று, தாமரை மொட்டாக ஒன்று, துதிக்கை தூக்கிய யானையாக ஒன்று என்று பழைய பூஜாடிகளாக வாங்கி, தனி மண்டபம் கட்டி அடுக்கிவைத்தார். பூஜாடி என்று பேர்தான், அதில் ஒரு பூ வைக்க யாருக்கும் அனுமதி கிடையாது. "ஜாடியை உடைப்பவர் எவராயினும் கை வாங்கப்படும்" என்று மண்டப வாசலில் எழுதியும் வைத்துவிட்டார்.

அத்தனையிலும் அவருக்கு உயிர் ஒரு வெள்ளை அன்னம். கழுத்தைச் சற்றே இடப்பக்கம் திருப்பியிருக்கும். ராஜா மண்டபத்துக்கு வரும்போதெல்லாம் ராணி செண்பகவல்லி அதன் இடப்பக்கமாகப் போய் நின்றுகொள்வாள். "சீனத்துக்காரன் கெட்டிக்காரன். அன்னம் என் ராணியைத்தான் பார்க்கிறது" என்று வருகிற தூதர்களிடமெல்லாம் ராஜா சொல்லிப் பூரித்துப்போவார். போன மாசியில் ராணி காய்ச்சலில் இறந்துபோனாள். பாவம், அதன்பிறகு அவர் தினமும் அந்த அன்னத்தின் முன்னால் போய் உட்கார்ந்திருந்தார்.

அந்த அன்னம்தான் ஒருநாள் காலையில் தூசி தட்டும் வெள்ளையம்மாவின் கைதவறி விழுந்தது.

சபை கூடியது. மண்டபத்து அதிகாரி கோளப்பன் துள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். மந்திரி நாரணப்பர் வாயைத் திறந்தாலே இவருக்கு வயிற்றெரிச்சல், அதனால் மந்திரிக்கு முன் பேசிவிட வேண்டும். "ராஜ கட்டளைக்கு விலக்கு ஏது மகாராஜா? கையை வாங்கிவிட வேண்டியதுதான்."

மந்திரி ஓடுகளைத் துணியில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார். "கோளப்பரே, ஒரு சந்தேகம். ஒரு பாண்டம் எத்தனை தடவை உடையும்?"

"இதென்ன கேள்வி? ஒரு தடவைதான். அப்புறம் அது வெறும் ஓடு."

"ஓட்டை உடைத்தால் குற்றமா?"

"இல்லை. முதலில் உடைத்தவர்தான் குற்றவாளி. மந்திரிக்கு இதையும் நான்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது."

"அதுவே தீர்ப்பு" என்றார் ராஜா.

மந்திரி அன்னத்தின் கழுத்தை எடுத்து நீட்டினார். "மற்ற விளிம்பெல்லாம் வெள்ளை. இதில் மட்டும் பழைய அரக்கு. எவரோ என்றைக்கோ உடைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டும்போது கழுத்து திரும்பிவிட்டது. வெள்ளையம்மா உடைத்தது வெறும் ஓடு."

சபை கொல்லென்று சிரித்தது. கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். அவமானப்பட்ட கோளப்பன் சும்மா இருக்கவேண்டுமே. "அப்படியானால் முதலில் உடைத்தது யார்? இவளுக்குத் தெரியாமல் இருக்காது."

வெள்ளையம்மா கையை நீட்டினாள். "இதையே வாங்கிக்குங்க சாமி. அதை மட்டும் கேக்காதீங்க."

மந்திரிக்கு அப்போதுதான் உறைத்தது. "மகாராஜா, போதும், சபையைக் கலைத்துவிடுங்கள்" என்றார். ராஜா அதற்குள் சிம்மாசனத்தை விட்டு இறங்கியிருந்தார்.

"சொல்லம்மா."

"ராணியம்மாதாங்க. கல்யாணமாகி வந்த புதுசுல, இது கப்பல்ல வந்து இறங்கின அன்னிக்கே, நீங்க பார்க்கிறதுக்கு முந்தி முல்லைச்சரம் வைக்கப்போயி கைதவறிடுச்சு. நான் அரக்கு காய்ச்சிக் குடுத்தேன், அவங்களே ஒட்டினாங்க. கை நடுங்கி, கழுத்து கோணிப்போச்சு."

"பிறகு ஏன் எப்போதும் அங்கேயே நின்றாள்?"

"ஒட்டு இடப்பக்கம் நல்லாத் தெரியுங்க. உங்க கண்ணுல படாம மறைச்சுக்கிட்டு நிப்பாங்க. பதினோரு வருஷம் நின்னாங்க. சாகிற அன்னிக்கும், 'மகாராஜா மண்டபத்துக்குப் போயிட்டாரா, அங்க யாராச்சும் நிக்கிறாங்களா'ன்னுதான் கேட்டாங்க."

கோளப்பனின் பதவி அப்போதே போயிற்று. ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினார். மந்திரி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டார். இப்படி ஜெயித்ததற்கு அவர் அழவில்லையே தவிர, வேறொன்றும் பாக்கியில்லை.

ராஜா வெள்ளையம்மாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "என்மேல் ஆசையால் வந்து நிற்கிறாள் என்று நினைத்திருந்தேன்."

"ஆசையும் இருந்துச்சுங்க மகாராஜா."

"பயமும் ஆசையும் என்றால், எது அதிகம்?"

வெள்ளையம்மா தலையைக் குனிந்துகொண்டு ஓடுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.